முதலில் நாடியில் கை வையுங்கள்

வார்டில் புதிதாகக் கால் வைக்கும் நர்ஸ்களுக்கு ஒரு திறந்த மடல்



பல் துலக்கிக்கொண்டிருக்கும் மனிதர் மானிட்டரில் செத்துக்கொண்டிருப்பார். ஐ.சி.யு.வில் சில மாதங்கள் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கையசைவில் நெஞ்சில் ஒட்டிய லீடுகள் ஆடும். திரையில் அகலமான அலைகள் வேகவேகமாக எழும். கருவி அதை வி.டி. என்று, உயிரைப் பறிக்கக்கூடிய துடிப்புக் கோளாறு என்று வாசித்துவிட்டு அலறும். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் டீஃபிப்ரிலேட்டரை இழுத்துக்கொண்டு ஓடிவருவார். வாய் நிறைய நுரையோடு நோயாளி நிமிர்ந்து, "என்னம்மா ஆச்சு?" என்பார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்தான். ஆனால் 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் எழுதிய கட்டுரையைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். இப்படிப் பொய்யாகத் தெரிந்த வி.டி.யை உண்மை என்று நம்பி வைத்தியம் செய்யப்பட்ட 12 பேரின் கதை அது. சிலருக்குத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். சிலரைக் கேத் லேப் வரை கொண்டுபோனார்கள். நெஞ்சுக்குள் கருவி பொருத்திய கொடுமையும் நடந்தது. படித்துத் தேர்ந்த மருத்துவர்கள், நல்ல மருத்துவமனைகள். தாளில் பதிந்த கோட்டை நம்பிய அளவுக்குக் கட்டிலில் கிடந்த ஆளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு எழுத நினைத்ததும் இதைப் பற்றித்தான். "பதறாதே" என்று கல்லூரியில் நூறு முறை சொல்லியிருப்பார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. அது பிறவிக் குணம், சிலருக்கு வாய்த்திருக்கும், சிலருக்கு இருக்காது என்ற நினைப்பு நம் மருத்துவமனைகளில் ஊறிக்கிடக்கிறது. அந்த நினைப்பு தவறு. பதற்றம் வரும் நேரத்தில் கைக்கு ஒரு வேலை வரிசை தெரிந்திருந்தால் பதற்றம் தானாகக் கட்டுக்குள் வரும். வென்ஃப்ளான் போடக் கற்பதைப் போல இதையும் கற்றுக்கொள்ள முடியும்.

பொய் சொல்வது ஈ.சி.ஜி. மட்டும்தானா? ஒரே கையில் பி.பி. கஃப்பும் சாச்சுரேஷன் புரோபும் மாட்டியிருந்தால், கஃப் இறுகும்போதெல்லாம் சாச்சுரேஷன் காணாமல் போகும். குளிரில் விறைத்த விரல், நடுங்கும் விரல், அடர்ந்த நகப்பூச்சு, எல்லாமே எண்ணைக் கெடுக்கும். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சர்க்கரை எங்கேயோ போய் நிற்கும். ஊசியில் வலிந்து இழுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்து பொட்டாசியம் கூடிவிடும். லேபிலிருந்து "கிரிட்டிக்கல் வேல்யூ" என்று போன் வரும். ஜப்பானில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரலில் குத்திச் சோதித்தபோது சர்க்கரை தாறுமாறாக ஏறிக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் ஐந்து முறை துடைத்தும் பயனில்லை. தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் உண்மையான எண் வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தவுடன் சி.பி.ஜி. பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஆரஞ்சுப் பழத்துக்கு இன்சுலின் போட்டுவிடக் கூடாது.

சரி, கருவிகள் பொய் சொல்லும் என்று அலாரத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாமா? கூடவே கூடாது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்று அது சொன்னது. அதே அறிக்கை, 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாகத் தங்களிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்றும் சொன்னது. ஓயாமல் கத்தும் கருவியின் வாயை யாரோ அடைத்திருப்பார்கள். அது உண்மையைச் சொன்னபோது கேட்க ஆளில்லை. ஒவ்வொரு அலாரத்துக்கும் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். போய் எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

திரையைப் பார்க்கும் முன் முகத்தைப் பாருங்கள். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "சாப்பிட்டேம்மா, இப்பதான் படுத்தேன்" என்று முழு வாக்கியத்தில் பதில் வந்தால் மூன்று செய்திகள் கையில் கிடைத்துவிட்டன: மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, பேசும் அளவுக்கு மூச்சு இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் அதுவும் செய்திதான். அவர் பேசும்போதே உங்கள் விரல்கள் மணிக்கட்டில் இருக்கட்டும். நாடி வேகமா, மெதுவா, நூலாக ஓடுகிறதா? தோல் சில்லிட்டு வியர்த்திருக்கிறதா? இதற்கெல்லாம் அரை நிமிடம் போதும். இந்த அரை நிமிடத்தில் உங்கள் மூச்சும் சீராகிவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

பதில் வரவில்லை என்றால் வேறு கணக்கு. கழுத்தில் நாடியைத் தேட 10 விநாடிக்கு மேல் கிடையாது. உறுதியாகத் தெரியவில்லையா, இல்லை என்றே வைத்துக்கொண்டு உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து காற்றை விழுங்குவதுபோல் இழுப்பார்கள்; அதை மூச்சு என்று நினைத்துக் காத்திருந்து ஏமாந்தவர்கள் அநேகம். நின்றுபோகும் இதயத்தின் அடையாளம் அது. நிதானம் என்றால் மெதுவாகச் செய்வது என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது என்பதற்காகவே இது இங்கே.

பயத்தில் வரும் மயக்கத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் உள்ள வித்தியாசம் கொரோனா தடுப்பூசிக் காலத்தில் ஊரறியத் தெரிந்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி போடும் பணி தொடங்கியபோது, போட்டுக்கொண்டவரை 30 நிமிடம் உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது விதி. ஊசி முனையைப் பார்த்ததும், அல்லது போட்ட சில நிமிடங்களில், ஆட்கள் பொத்தென்று சரிவது முகாம்களில் நடந்தது. பெரும்பாலும் அது ஊசி பயத்தில் வரும் மயக்கம். உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தனியாகவே பெயர் வைத்து வழிகாட்டி எழுதியிருக்கிறது. முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகும். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள்.

ஒவ்வாமை அதிர்ச்சி, அதாவது அனஃபிலாக்சிஸ், வேறு மாதிரி வரும். நாடி பெரும்பாலும் ஓடும். தடிப்பு எழும்பும், உதடு வீங்கும், குரல் கம்மும், மூச்சில் விசில் கேட்கும், வாந்தியும் வரலாம். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரும் என்பதால்தான் மூச்சையும் பி.பி.யையும் பார்க்கச் சொல்வது. மருந்து ஒன்றுதான், அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது 1:1000 ஆம்ப்யூலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏவில்லும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அதற்கு ஈடாகாது. "முதலில் அதைப் போட்டுப் பார்ப்போம்" என்று காத்திருப்பது நம் ஊரில் இன்னும் ஒழியாத பழக்கம், ஆபத்தான பழக்கம். இன்னொன்று: அட்ரினலின் தேவைப்படும் நோயாளியைச் சட்டென்று எழுப்பி உட்கார வைக்கவோ நடத்தவோ கூடாது; எழுந்த மாத்திரத்தில் உயிர் பிரிந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மயக்கமா, அதிர்ச்சியா என்று பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையா? அட்ரினலின் பக்கம் சாய்வதே நல்லது.

இரண்டிலும் சுற்றி நிற்கும் கூட்டம் ஒரேமாதிரிதான் கத்தும். நாடிதான் வித்தியாசம் சொல்லும்.

நைட் டியூட்டிக்கு வருவோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிகிறார், கட்டிலை விட்டு இறங்குகிறார், மகனைத் திட்டுகிறார். "கலாட்டா பண்றார், ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க சிஸ்டர்" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் நெருக்குவார்கள். அந்த ஊசியைக் கையில் எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். சாச்சுரேஷன்: ஆக்சிஜன் குறையும் மூளை முதலில் காட்டுவது எரிச்சலைத்தான். சி.பி.ஜி.: சர்க்கரை இறங்கினால் குடித்தவர்போல் உளறுவார்கள், சிலருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து பக்கவாதம் போலவே தெரியும். மூன்றாவது, அடிவயிறு: அடைத்துப்போன கதீட்டர் ஒன்று போதும், சாதுவான மனிதரையும் ஆவேசப்படுத்த. மூச்சு திணறும் ஒருவருக்குத் தூக்க ஊசி போட்டால் அவர் அமைதியாகிவிடுவார்தான். அந்த அமைதி யாருக்கும் வேண்டாம்.

சர்க்கரை இறங்குவதில் வார்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. காலையில் ஸ்கேன் என்று வெறும் வயிற்றில் வைத்திருப்பார்கள். ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகும். இன்சுலின் மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதியபடி எட்டு மணிக்குப் போயிருக்கும். 70க்குக் கீழ் வந்தாலே குறைவு. 54க்குக் கீழ் அவசரம். விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. முடியாதவருக்கு நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ். எழுந்து பேசிவிட்டார் என்று விட்டுவிட வேண்டாம். கிளைபென்கிளமைட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும்.

இதுவரை சொன்னது சத்தம் போடும் ஆபத்துகள். இனி வருவதுதான் கடினம்: சத்தமே போடாதவை.

1990இல் அமெரிக்காவில் ஷைன் என்ற மருத்துவரும் குழுவினரும் மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவேடுகளைத் திருப்பிப் படித்தார்கள். 84 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் உடல்நிலை மோசமானது, அல்லது புதிதாக ஏதோ ஒரு தொந்தரவு சொன்னார்கள் என்பது தாளிலேயே இருந்தது. "திடீரென்று போய்விட்டார்" என்று நாம் சொல்லும் மரணங்களில் பல, எட்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவை.

எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சொல் கேட்கும் என்பதற்காக, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் நியூஸ் என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2017இல் அதைத் திருத்தியது. மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன், மேல் பி.பி., நாடி, நினைவு, உடல் வெப்பம் என்ற ஆறுக்கும் மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் இரண்டு கூடும். மொத்தம் 5 வந்தால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசரக் குழு. இதில் நம் வார்டுகளில் மிக அலட்சியமாகப் போவது மூச்சு எண்ணிக்கைதான். எந்தக் கேஸ் ஷீட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள்: நிமோனியாக்காரருக்கும் 20, குடலிறக்கம் தைத்தவருக்கும் 20, நாளை டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. வார்டே ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறது! யாரும் எண்ணவில்லை என்பதைத் தவிர அந்த 20க்கு வேறு அர்த்தமில்லை. கெடப்போகும் உடல் பெரும்பாலும் முதலில் மாற்றிக்கொள்வது மூச்சின் வேகத்தைத்தான். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்லாமல், நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவுப் பிரசவம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இளம் தாயின் உடல் ரத்தம் இழந்துகொண்டே பி.பி.யை நெடுநேரம் பிடித்துவைக்கும். 110 என்று கண்டு ஆறுதல் அடையும் வேளையில் நாடி 120ஐத் தொட்டிருக்கும். நாடி எண் பி.பி. எண்ணைத் தாண்டுகிறது என்றால் நிலைமை கைமீறுகிறது என்றே பொருள். ரத்தப் போக்கைக் கண்ணால் மதிப்பிடுவதும் ஏமாற்றும். எல்லாருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து, வடியும் ரத்தத்தை அளந்தார்கள். வழக்கமான முறையில் ரத்தப் போக்குகளில் 51 விழுக்காடுதான் கண்டுபிடிக்கப்பட்டது, விரிப்போடு 93. கண்டவுடன் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், ட்ரிப்ஸ், காரணம் தேடுவது என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தார்கள். கடும் ரத்தப் போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 விழுக்காடு குறைந்தது. வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நர்ஸ்களும் மிட்வைஃப்களும்.

எண் எல்லாம் சரியாக இருந்தும் மனசு சரியில்லை என்று சொன்னால்? அதையும் கணக்கில் எடுங்கள். நெதர்லாந்தில் டாவ் என்ற ஆய்வாளர் நர்ஸ்களின் 'ஏதோ சரியில்லை' என்ற உணர்வையே ஆராய்ந்து, அது பின்னால் கெடும் நோயாளியைச் சுட்டுகிறது என்று 2015இல் காட்டினார். அம்மாக்களின் உணர்வும் அப்படித்தான். இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 2021இல் இறந்தாள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை; முன்பே ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. குடும்பத்தினரே வேறொரு குழுவை அழைத்து மறுபரிசோதனை கேட்கும் உரிமை 2024 முதல் அவள் பெயரிலேயே, 'மார்த்தா விதி' என்று அங்கே நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் அட்டெண்டர்கள் சத்தம் போடுவார்கள், நெருக்குவார்கள், உண்மைதான். அந்தக் கூச்சலுக்குள் "என் புள்ள எப்பவும் இப்படி இருக்க மாட்டான்" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினால் அந்த வரி காதில் விழும்.

நீங்கள் நிதானமாகப் பார்த்து, சரியாகக் கணித்துவிட்டீர்கள். அப்புறம்? 2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் சைனஸ் அறுவை சிகிச்சைக்காக ஓர் இளம் தாய்க்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டது. அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் குழாயை உள்ளே செலுத்துவதிலேயே மூழ்கிப்போனார்கள். நேரம் ஓடியதே அவர்களுக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் கழுத்தில் துளையிடும் செட்டை எடுத்துவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் ஐ.சி.யு.வில் படுக்கை கேட்டார். தேவையில்லாமல் பதறுகிறார் என்பதுபோல் பார்த்ததால் அதை ரத்து செய்தார். 13 நாள் கழித்து அந்தப் பெண் இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. யாரையும் சிறைக்கு அனுப்ப அவர் அலையவில்லை. மருத்துவத்தில் மனிதத் தவறுகளை ஆராயும் அமைப்பொன்றை 2007இல் தொடங்கினார்.

அந்த அறையில் சரியாகக் கணித்தவர்களின் குரல்தான் எடுபடாமல் போனது. "சார், கொஞ்சம் பாருங்க" என்று தயங்கும் குரல் நம் வார்டுகளிலும் எடுபடாது. எஸ்பார் என்ற முறை இதற்காகவே. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. "சார், 12ஆம் கட்டில், இரண்டாம் நாள் ஆபரேஷன் கேஸ். அரை மணி நேரமாக மூச்சு 28, நாடி 124, மேல் பி.பி. 92. உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வர வேண்டும்." கால் நிமிடம்கூட ஆகாது. கடைசி வாக்கியத்தை விழுங்காமல் சொல்லப் பழகுங்கள். வாய்மொழியாகச் சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். வரவில்லை என்றால் அடுத்த மூத்த மருத்துவரை அழையுங்கள். அழைத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று. நிதானத்தை நர்ஸின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் குழு செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை முடிந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. நாற்பது கட்டிலுக்கு ஒரு சிஸ்டரை நிறுத்திவிட்டு "முழு நிமிடம் எண்ணு" என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். மாதம் ஒருமுறையாவது வார்டிலேயே ஒத்திகை நடத்துங்கள்; டாக்டர்களும் அதில் நிற்கட்டும்.

புதியவர்களே, அடுத்த டியூட்டிக்குப் போனதும் ஒரு வேலை இருக்கிறது. எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து, ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அட்ரினலினின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆம்பு பேகை அழுத்திப் பாருங்கள். சக்‌ஷன் இழுக்கிறதா, சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி அங்கேயே தொங்குகிறதா? லாரிங்கோஸ்கோப்பை விரித்துப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால் இன்றைக்கே இண்டெண்ட் போடுங்கள்.